சைவக்கடையில் அசல் தேடுபவர்களுக்கு

பம்பலப்பிட்டி கிறீன்லண்ட்ஸ், சரஸ்வதி லொட்ஜ் மாதிரிப் பழைய சைவக்கடைகளைப் பற்றிக் கதை எழும்பினால் கூட்டத்தில் ஒருவராவது சொல்லுவார்: "சாப்பாடு பரவாயில்ல, ஆனா அசல் இந்தியன் டேஸ்ட் இல்லையே." சொல்பவர் பெரும்பாலும் சென்னைக்கு ஒருக்கா போய் வந்தவர். சாம்பார் தடிப்பாம், சட்னி உறைப்பாம், தோசையோட வாற சிவப்புச் சம்பல் எந்த ஊர்ப் பழக்கமாம். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போச்சு. இந்தக் கடைகளில் பிழை பிடிக்க நிறைய இருக்கு, கொஞ்சம் பொறுங்கோ, நாங்களும் பிடிக்கத்தான் போறம். ஆனால் 'அசல் இல்லை' என்பது அந்தப் பட்டியலில் வராது.

1996இல் வந்த 'பிக் நைட்' படத்தை எங்கட குழுவில் எல்லாரும் பார்த்திருக்கிறம். 1950களில் நியூ ஜேர்சிக் கடற்கரைப் பக்கம் இரண்டு இத்தாலியச் சகோதரர்கள் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார்கள். கடை ஓடவில்லை. ஒருநாள் வந்த பெண் ரிசோட்டோவோட சேர்த்து ஸ்பகெட்டியும் கேட்கிறா, அதுவும் இறைச்சி உருண்டையோட. சமையல்காரத் தமையனுக்குத் தலை வெடிக்குது: சோற்றோட மாச்சாப்பாடா? படம் முழுக்க அவர் பக்கம்தான். பார்க்கிற நாங்களும் அந்த மனுசியைப் பார்த்துச் சிரிக்க வேணும் என்றுதான் காட்சி எடுத்திருக்கிறார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. சோற்றோட உருளைக்கிழங்குக் கறியும் பருப்பும் வைத்துப் பிசைந்து சாப்பிடுற சனம் நாங்கள். அந்த மனுசி கேட்டதில் எங்களுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவ கேட்டதற்கும் ஒரு வரலாறு இருக்கு. 1880க்கும் 1920க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் தெற்கிலிருந்து போன ஏழைகள். ஊரில் இறைச்சி விசேஷ நாளில்தான். அமெரிக்காவில் அது மலிவாகக் கிடைத்தபோது உருண்டை பெருத்தது, தக்காளிக் குழம்பு தடித்தது, இரண்டும் ஸ்பகெட்டிக்கு மேலே ஏறியது. நாப்பொலியில் போய் அப்படி ஒரு தட்டைக் கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். நியூயோர்க்கிலோ அந்தச் சிவப்புக் குழம்புச் சாப்பாட்டுக்கென்றே நூறு வருசம் தாண்டிய கடைகள் இருக்கு. கிழக்கு ஹார்லெமில் இருக்கிற ராவோஸ் 1896இல் தொடங்கியது. அங்கே போய் "இது இத்தாலியில இப்படி இல்லையே" என்று சொல்லுறவர், அந்த நாற்பது லட்சம் பேர் கடல் கடந்ததையே கணக்கில் எடுக்காதவர்.

எங்கட ஊரிலேயே உதாரணம் இருக்கு. 1942இல் தொடங்கிய சைனீஸ் ட்ராகன் கபேயில் இருந்து இண்டைக்குத் திறந்த கடை வரைக்கும் 'ஹொட் பட்டர் கட்டில்ஃபிஷ்' இல்லாத சைனீஸ் கடை கொழும்பில் கிடையாது. அது சீனாவில் இல்லாத சாப்பாடு. ஒருத்தரும் கவலைப்படுவதில்லை, இன்னொரு பிளேட் சொல்லுகிறார்கள். அந்தப் பெருந்தன்மை தோசைக்கு மட்டும் ஏன் கிடைக்குதில்லை?

எங்களுக்குத் தெரிந்த பதில் இதுதான்: தமிழ்ச் சாப்பாட்டுக்கு ஒரு தலைநகரம் இருக்கு, அது பாக்குநீரிணைக்கு அங்கால இருக்கு, நாங்கள் அதன் மங்கின நகல் என்ற நினைப்பு எங்கட ஆக்களிடமே ஊறிப்போய்க் கிடக்கு. சினிமாவில் இருக்கிற அதே வியாதி. உண்மையில் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடந்தது. 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் புகாரி ஹோட்டலைத் தொடங்கிய ஏ.எம். புகாரி தொழில் பழகினது கொழும்பில். அசல் என்று நீங்கள் தேடிப் போகிற சென்னையின் ஒரு மூலையில் எங்கட மருதானையும் இருக்கு. இன்னொரு பக்கம் பார்த்தால், யாழ்ப்பாணத்து வீட்டுத் தோசையே சென்னைக்காரருக்குப் புதினமாக இருக்கும்: கோதுமை மா, வெந்தயம், மஞ்சள், மேலே வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டினது. கொழும்புச் சைவக்கடைத் தோசை இதுவுமில்லை, அதுவுமில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்தும் ராமநாதபுரத்தில் இருந்தும் வந்த வியாபாரிகள், யாழ்ப்பாணத்து முதலாளிகள், மலையகத்துப் பெடியன்கள், மத்தியானம் பார்சல் கட்டிக்கொண்டு போற சிங்கள உத்தியோகத்தர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஆக்கின ஒரு சாமான் அது.

மேசைப் பழக்கமும் அப்படித்தான். இருந்தவுடன் கேட்காமலே ஒரு தட்டு வரும்: உளுந்து வடை, பருப்பு வடை, சைவ றோல்ஸ். எடுத்ததுக்கு மட்டும் காசு. மிச்சத்தை வெயிட்டர் ஒரு பார்வையில் எண்ணிப்போட்டுத் தூக்கிக்கொண்டு போவார், அது அடுத்த மேசைக்குப் போகும். சுகாதாரம் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். தெரியாத ஒருவர் எதிர்க்கதிரையில் வந்து இருப்பார், அனுமதி கேட்க மாட்டார். "என்ன இருக்கு?" என்றால் பதின்மூன்று பெயர் ஒரே மூச்சில் வரும். அதில் கடைசியில் சொன்னதுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதைத்தான் சொல்லுவீர்கள். கை துடைக்கப் பேப்பர்த் துண்டு. தட்டுக்கு மேலே லஞ்ச் சீற். 2017 செப்டம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றைத் தடை செய்தபோது இந்தக் கடைகள் எல்லாம் என்ன செய்யப்போகுதோ என்று பேச்சு அடிபட்டது. தடையும் இருக்கு, சீற்றும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கு.

'லொட்ஜ்' என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். பழைய கடைகளின் பெயரில் லொட்ஜ், விலாஸ், பவன், கபே என்று வரும். எங்கட வயதுக்காரருக்கு அது வெறும் பழங்காலத்து அலங்காரம். எங்கட அம்மா அப்பாவின் தலைமுறைக்கு லொட்ஜ் வேறொரு சொல். யுத்த காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் பாஸ்போட்டுக்கும் விசாவுக்கும் ஒப்பரேஷனுக்கும் காத்துக்கொண்டு தங்கினது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில். சின்ன அறை, சமைக்க இடமில்லை. மூன்று நேரமும் பக்கத்துச் சைவக்கடைதான். ஒரு மாதம் என்று வந்து ஒரு வருசம் இருந்தவர்களும் உண்டு. வெளிநாடு போன எத்தனையோ பேர் இலங்கையில் கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு இந்த மேசைகளில்தான் சாப்பிட்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் அந்த லொட்ஜ்களுக்குள் போய் 376 தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினது. காரணம், கொழும்பில் தங்க அவர்களுக்குத் 'தகுந்த காரணம்' இல்லையாம். அடுத்த நாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிறகு பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அப்போது நாங்கள் பாலர் பாடசாலை வயது. ஆனால் அண்டைக்குக் காலமை கடை திறந்த வெயிட்டருக்கு, நேற்று இரவு இடியப்பம் சாப்பிட்ட ஆட்கள் ஏன் வரவில்லை என்று தெரிந்திருக்கும்.

அதுக்கும் முன்னால் 1983 ஜூலை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிக் கடைகள் எரிந்தன. தமிழர் வீடுகளை அடையாளம் பார்க்கக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலோடு வந்ததாகப் பதிவுகள் இருக்கு. சைவக்கடைக்குப் பட்டியலே தேவையில்லை, பெயர்ப்பலகை போதும். அப்படியிருந்தும் அதே வீதியில் திருப்பியும் பெயர்ப்பலகை போட்டு, திருநீறு பூசின ஆள் காசுமேசையில் இருந்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். இதைப் பெரிய வீரமாகப் பாட எங்களுக்கு விருப்பமில்லை, வயிற்றுப்பாடும் அதில் இருக்கு. ஆனால் அந்தத் தோசையின் முன்னால் இருந்துகொண்டு "ஒரிஜினல் இல்ல" என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம் வேணும்.

சரி, இப்ப பிழை பிடிக்கிறம்.

பழைய கடை என்றவுடன் எங்கட ஆக்களுக்கு ஒரு உருக்கம் வந்துவிடுது. மரக்கதிரை, பித்தளைப் பேணி, சாமிப்படம், ஊதுபத்தி. போட்டோவும் எடுத்தாச்சு. அந்தப் போட்டோவில் தட்டு தூக்கிக்கொண்டு நிற்கிற பெடியன் எங்கேயிருந்து வந்தவன்? பெரும்பாலும் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம். எங்களில் இரண்டு பேர் அந்தப் பக்கத்து ஆட்கள், அவர்களோட பள்ளிக்கூடத்தில் படித்து ஓ.எல். தாண்டாத சிநேகிதர்கள் இப்படித்தான் கொழும்புக்கு வந்தார்கள். கடைக்கு மேலே அல்லது பின்னால் படுக்கை, சாப்பாடு கடையில், ஊருக்குப் போறது தீபாவளிக்கு. எங்களில் ஒருத்தியின் சொந்தக்காரப் பெடியன் இப்படி ஒரு கடையில் இரண்டு வருசம் நின்றான். கடையின் பெயர் வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழும்பினால் இரவு பதினொன்றுக்குத்தான் படுக்கை, அட்வான்ஸ் என்று கொடுத்ததைச் சம்பளத்தில் கழித்துக் கழித்துக் கடைசியில் கையில் வந்தது கொஞ்சம். சட்டப்படி ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியில் இருந்து 30,000. அதைப் பற்றி அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் அவனைத் "தம்பி, இன்னொரு சாம்பார்" என்று கூப்பிட்டதோட சரி. சில நேரம் அவனுக்கு எங்களைவிட வயது கூட.

'சைவம்' என்ற சொல்லும் அவ்வளவு அப்பாவி இல்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரை வெளியில் நிற்க வைத்துப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேத்தண்ணி கொடுத்த காலம் ஒன்றும் பழங்கதை இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் 1960களில் கடைக்குள் இருந்து குடிக்கிறதுக்காகப் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' வாசித்தவர்களுக்கு இது தெரியும். கொழும்பின் நல்ல குணம், எதிரில் இருக்கிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அந்த அநாமதேயத்தில்தான் சைவக்கடை பொதுக்கடையாக மாறியது. சமையற்கட்டுக்குள் யார் நிற்கலாம், தட்டுக் கழுவுறது யார் என்ற கேள்விகள் அந்த அளவுக்கு மாறினதா என்பதை, சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதுற நாங்கள் யாரும் போய்க் கேட்டதில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடைகளில் இந்த உருக்கம் குறைவு. பொன்னம்பலவாணேஸ்வரத்துக்குப் போய்வாற சனம், கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை வாற சனம், துறைமுகத்து வேலையாட்கள். இருக்கிறது, சாப்பிடுறது, எழும்புறது. வெள்ளவத்தையில்தான் டயஸ்போரா விடுமுறைக் கூட்டமும் ஏசி மேல்மாடியும். அதே தோசை மேலே ஏறினால் விலையும் ஏறும். அந்தக் கூடின காசில் எவ்வளவு தட்டுத் தூக்குகிறவனுக்குப் போகுது என்பதை பில்லில் போட மாட்டார்கள்.

முதலாளிமார் பக்கத்துக் கதையும் இருக்கு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2,675 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 4,860 ஆனது. அந்த விலைக்கும் காஸ் கிடைக்கவில்லை, கடைகள் விறகுக்கு மாறின, சில பூட்டினது பூட்டினதுதான். அந்த வருசம் செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாக ஏறியது. உளுந்து விலையை வீட்டில் கேட்டுப் பாருங்கள். விலையைக் கூட்டினால் கம்பஸ் பெடியன்கள் வரமாட்டார்கள், கூட்டாவிட்டால் சம்பளம் கொடுக்க ஏலாது என்று ஒரு முதலாளி எங்களிடம் சொன்னார். அவருடைய கணக்கு முழுக்கப் பொய் என்று சொல்ல எங்களால் ஏலாது.

இதில் எங்கட குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்குது. ஒரு பக்கம் சொல்லுது: ஒழுங்கான சம்பளம், ஈ.பி.எஃப்., கிழமைக்கு ஒருநாள் லீவு எல்லாம் கொடுத்தால் தோசை விலை எவ்வளவு ஆகுமோ அந்த விலைக்கு விற்கட்டும், நாங்கள் மாதத்துக்கு இரண்டு தரம் மட்டும் போறம். கஃபேயில் ஒரு ஐஸ் கொஃபிக்கு ஆயிரத்துக்கு மேலே கொடுக்கிற ஆட்கள்தானே நாங்கள். மற்றப் பக்கம் சொல்லுது: நாங்கள் இரண்டு தரம் போறம், சரி. பக்கத்து மேசையில் ஒரு பிளேட் இடியப்பத்தோட மத்தியானத்தைச் சமாளிக்கிற செக்யூரிட்டி அங்கிள் எங்கே போவார்? இதுக்கு முடிவு வரவில்லை. போன கிழமையும் இதே சண்டை, வடைத் தட்டைச் சுற்றி இருந்துகொண்டு. ஆறு வடை எடுத்தோம், வெயிட்டர் ஐந்து என்று எண்ணினார். திருத்தினோம். அவருடைய பெயரையும் அண்டைக்குத்தான் கேட்டோம்.