சேலைக்கும் உரிமம் வேண்டுமோ?



சென்ற மாதம் ஓரிரவு, கால்மணி நேரத்துக்குள் மூன்று விதமாக அழைக்கப்பட்டேன் நான். "அம்மா" என்றனர் முதலில். "அடேய்" என்றனர் அடுத்து. "அண்ணே" என்றனர் முடிவில். அழைத்தோர் அதே இரு காவலர். அழைக்கப்பட்டவனும் அதே ஒருவன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த ஞாயிறு எழுதுகோல் எடுத்தேன். தொடக்கத்தில் நீ சிரிப்பாய். சிரி, தடுக்கமாட்டேன். நானும் அன்று சிரித்தவன்தான். கடைசி வரி வரையில் படித்துவிட்டு, அந்தச் சிரிப்பு உன் இதழில் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

மாநாட்டுக்கு முதல்நாள் இரவு நாடகம். எழுதியவன் நான். தாயாக நடிக்க வேண்டிய அம்மையாருக்கு அன்று மாலை கடுங்காய்ச்சல். பந்தலிலோ ஊர் திரண்டு உட்கார்ந்திருக்கிறது. வசனம் முழுவதும் நெட்டுருவாகத் தெரிந்தவன் ஒருவனே இருந்தான். அதை எழுதித் தொலைத்தவன்! ஐந்தாண்டாக வளர்த்த மீசை ஐந்தே நிமிடத்தில் போயிற்று. சவரி வைத்த கொண்டை, முகத்தில் அரிதாரம், நெற்றியில் பொட்டு, கைநிறையக் கண்ணாடி வளையல், உடலில் நூல் சேலை. அழுதேன், அரற்றினேன், முன்வரிசைத் தாய்மார் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டனர்.

திரை விழும்போது மணி ஒன்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு எண்பது கிலோமீட்டர் தொலைவில் கொடியேற்று விழா. வேட்டியும் சட்டையும் இருந்த பெட்டியோ, நாடகச் சாமான்களோடு வண்டியேறிப் போய்விட்டது. வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம் என்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் பழைய மாருதிக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

நெடுஞ்சாலையில், சிறு பாலம் ஒன்றின் அருகே தடுப்புக்கட்டை. கைவிளக்கின் ஒளி கண்ணில் பாய்ந்தது.

"வண்டியை ஓரமா நிறுத்தும்மா. இந்த நேரத்துல தனியா எங்கம்மா போறீங்க?"

எத்தனை பரிவு! எத்தனை பண்பு! "ஊருக்குப் போகிறேன் ஐயா" என்றேன். என் குரலைத்தான் நீ மேடையில் கேட்டிருக்கிறாயே. அரிதாரம் பூசி அதை மறைக்க முடியுமா?

விளக்கு முகத்திலிருந்து மார்புக்கு இறங்கிற்று. மார்பிலிருந்து கைக்கு நகர்ந்தது. வளையலில் வந்து நின்றது.

"அடேய்! யாருடா நீ? இறங்குடா கீழே!"

இறங்கினேன். கைப்பேசியில் இருந்த ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். அதை அவர் பார்க்கவில்லை. "ஆம்பளையா, பொம்பளையா? எங்க போயிட்டு வர்ற? எத்தனை ரூபாய்?" என்றார். முந்தானையைத் தடியின் நுனியால் தூக்கினார். தோழனே, மேடையிலே ஆயிரமாயிரம் பேருக்கு நடுவில் கூசாத உடல், அந்த ஒரு தடியின் நுனிக்குக் கூசிற்று. நாவன்மை என்று என்னை நீ பாராட்டுவாயே, அந்த நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் மற்றொரு காவலர், இளைஞர், கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "அண்ணே... நீங்களா! போன மாசம் எங்க ஊர்ல பேசினீங்களே!" என்றார். "நாடகம். வேடம்" என்றேன். இரண்டே சொற்கள். தடி தாழ்ந்தது. "மன்னிச்சுக்குங்கண்ணே, ஆள் தெரியல" என்றார் முதல்வர். தேநீர் வந்தது, குவளையில் ஆவி பறக்க. சிரித்தோம், மூவரும்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பின்புதான் கண்டேன், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நான்காவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பதை. ஒரு திருநங்கை. பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டர். பதினொரு மணியிலிருந்து அங்கே இருக்கிறாராம். தலைக்கவசம் மடியில், உரிமம் கையில். பிழையென்று எழுத ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் போகவிடவில்லை. கேள்விக்குமேல் கேள்வி, கேலிக்குமேல் கேலி.

அவர் என்னைப் பார்த்தார். மெல்லச் சொன்னார்:

"உங்களுக்கு நாடகம் முடிஞ்சுதுண்ணா, கழட்டி வெச்சுடுவீங்க. நான் எதைக் கழட்டி வெக்கிறது?"

என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? எழுதக் கை நடுங்குகிறது, ஆயினும் எழுதுகிறேன். குவளையைக் கீழே வைத்தேன். காரில் ஏறினேன். போய்விட்டேன். "இவரையும் விடுங்கள்" என்ற இரண்டு சொல் என் வாயிலிருந்து வரவில்லை. பத்துக் கிலோமீட்டர் போனபின் மனம் குத்த, திரும்பி வந்தேன். தடுப்புக்கட்டை மட்டும் இருந்தது. காவலரும் இல்லை, அவரும் இல்லை.

* * *

தோழனே, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான்; சட்டம் பயின்றவனல்லன். ஆகவே, மறுநாள் கொடியேற்றியதும் வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். "சாலையில் போகிறவர் இன்ன உடைதான் உடுத்த வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?" என்றேன். அவர் அலமாரியைத் திறந்தார். திறந்தது அலமாரியா, அடிமை வரலாறா என்று வியந்துபோனேன்.

1871-ஆம் ஆண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையை நீ அறிவாய். பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் அது. அதற்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்ததை அறிவாயோ? முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், இழிசொல் ஒன்றால் சிலரைக் குறித்து, அவர்களைப் பதிவேட்டில் எழுதச் சொன்னது. பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடை உடுத்தியோ, பெண்ணைப்போல் அணி பூண்டோ தெருவில் தோன்றினால், ஆணை ஏதுமின்றியே கைது செய்யலாம். ஈராண்டு வரையில் சிறை! களவு செய்ய வேண்டா. கத்தி எடுக்க வேண்டா. சேலை போதும், சிறைக்கு அனுப்ப!

அதைப் பார்த்து நிசாம் ஆட்சியும் 1919-இல் ஐதராபாத்தில் ஒரு சட்டம் செய்துகொண்டது. வெள்ளையன் போனான், நிசாமும் போனார். அந்தச் சட்டமோ ஏட்டில் படுத்தே கிடந்தது. தெலங்கானா உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2023-இல்! நிலவுக்குக் கலம் அனுப்பிய அதே ஆண்டில்!

கடல் கடந்தும் பார். தென்னமெரிக்காவின் வடகரையில் கயானா. நம்மவரும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்புக் கொல்லையில் கண்ணீர் சிந்திய மண். அங்கே 1893-இல் வெள்ளையன் எழுதிய விதி, தகாத நோக்கத்துடன் பெண்ணுடையில் ஆணோ, ஆணுடையில் பெண்ணோ பொது இடத்தில் தோன்றுவது குற்றம் என்றது. 2009-இல் அந்த விதியைக் காட்டிச் சிலரைப் பிடித்தனர், பூட்டி வைத்தனர், அபராதம் விதித்தனர். நீதிபதியோ அவர்களை ஏசுவிடம் சரணடையச் சொன்னார். சோர்ந்தார்களா அவர்கள்? நால்வர் வழக்காடினர், ஒன்பதாண்டு! 2018 நவம்பரில் கரீபிய நீதிமன்றம் அந்த விதியை வெட்டி வீழ்த்திற்று. தகாத நோக்கம் என்றால் என்ன பொருள் என்று எவராலும் வரையறுக்க இயலாத விதி எப்படிச் சட்டமாகும் என்பது அந்த மன்றத்தின் கருத்து.

நியூயார்க் கதை இன்னும் வேடிக்கை. 1840-களில் அங்கே குத்தகை உழவர்கள் நிலப்பிரபுக்களை எதிர்த்துக் கிளர்ந்தனர். அடையாளம் தெரியாதிருக்க, பூப்போட்ட சீட்டித்துணி அங்கியும் முகமூடியும் அணிந்து வந்தனர். அவர்களை ஒடுக்க 1845-இல் மாறுவேடத் தடைச்சட்டம் பிறந்தது. உழவர் போராட்டம் முடிந்தது; சட்டம் முடியவில்லை. பின்னாளில் காவல்துறை அதே சட்டத்தைத் தூக்கி, பெண்ணுடை உடுத்திய ஆண்மீதும் ஆணுடை உடுத்திய பெண்மீதும் வீசிற்று! பண்ணையாரின் பாதுகாப்புக்குச் செய்த பூட்டு, பாவாடைக்குப் பூட்டானது!

* * *

"அங்கெல்லாம் சரி, இங்கே இன்று சட்டம் என்ன சொல்கிறது?" என்றேன் வழக்கறிஞரிடம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு: சீருடையில் உள்ள காவல் அலுவலர் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்டத்தான் வேண்டும். வண்டிக்கு உரிமம் உண்டு, சேலைக்கு உரிமம் கேட்கும் பிரிவு அந்த ஏட்டில் இல்லை.

2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம் சொன்னது: தன் பாலினத்தை உடையால், சொல்லால், செயலால் வெளிப்படுத்துவது அரசமைப்புச் சட்டம் தந்த பேச்சுரிமையின் பகுதி. மேடையில் நான் முழங்குவது எந்த உரிமையோ, அந்தச் சகோதரி சேலை உடுத்துவதும் அதே உரிமை! 2022-இல் தமிழ்நாடு அரசு, காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்தது. பாலினச் சிறுபான்மையரைக் காவலர் எவரும் துன்புறுத்தலாகாது என்கிறது அது. சட்டப்படி விசாரிக்கத் தடையில்லை என்றும் அதுவே சொல்கிறது.

"திருடன் வேடமிட்டு வந்தால்?" என்பாய். நல்ல கேள்வி. வண்டியைச் சோதிக்கட்டும், குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லட்டும், படத்தில் ஐயமிருந்தால் பெயரும் முகவரியும் கேட்டுச் சரிபார்க்கட்டும். வேட்டி கட்டியவனிடம் எத்தனை கேள்வியோ, அத்தனை கேள்வி. அதற்குமேல் ஒன்று கேட்டாலும், அது விசாரணை அன்று, வேடிக்கை.

காவலர்மீது எனக்குப் பகையில்லை. ஊர் உறங்க அவர்கள் விழித்திருக்கிறார்கள். அதே உடுப்பை 2017-இல் உதவி ஆய்வாளராக அணிந்தாரே பிரித்திகா யாசினி, ஒரு திருநங்கை! நீதிமன்றப் படியேறி வென்ற உடுப்பு அது. ஆகவே காக்கியை நான் குறை கூறவில்லை. அந்தக் காவலரின் கைவிளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் யார் என்றுதான் தேடுகிறேன். தேடியபோது, தோழனே, என் கையிலேயே எண்ணெய்ப் பிசுக்கு!

* * *

ஆம்! நீயும் கேட்டிருக்கிறாய், கைதட்டியும் இருக்கிறாய். "ஆண்மையிருந்தால் மேடைக்கு வா! இல்லையேல் சேலை கட்டிக்கொள்! வளையல் அனுப்பட்டுமா?" என்று எதிரணியினரைப் பார்த்து நான் எத்தனை ஊரில் முழங்கியிருக்கிறேன்! கட்சி வேறுபாடின்றி எல்லா மேடையிலும் உண்டு இந்த வசனம். வளையலைத் தட்டில் வைத்து ஊர்வலம் போனவர்களும் உண்டு. என் நாடகங்களிலேயே, கதை தொய்யும் இடத்தில் ஒருவனுக்குச் சேலை சுற்றி, இடுப்பை ஆட்டவிட்டுச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அந்த மேடைச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்தானே அந்தக் காவலர்? மேடையில் நான் நாவால் செய்ததை, சாலையில் அவர் தடியால் செய்தார்!

எண்ணிப் பார். சட்டையும் கால்சட்டையும் அணிந்த பெண் கார் ஓட்டிப் போகிறாள்; எந்தக் காவலரும் அதற்காக நிறுத்துவதில்லை. 1935-இல் கே. பி. சுந்தரம்பாள் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். இலட்சம் ரூபாய் ஊதியமென்று நாடு வியந்து பேசிற்று. ஆணுடையில் பெண் வந்தால் 'உயர்ந்தாள்' என்கிறோம். பெண்ணுடையில் ஆண் வந்தால் 'தாழ்ந்தான்' என்கிறோம். ஏன்? பெண் தாழ்ந்தவள் என்ற பழைய கணக்கு நம் நெஞ்சின் அடியில் அழியாமல் இருப்பதால்! பெண்ணுரிமை பேசும் மேடையிலிருந்தே சேலையை வசவாக வீசுகிறோமே, அந்தச் சேலை யாருடையது? என்னைப் பெற்றவள் உடுத்தது. உன்னைத் தொட்டிலிட்டு ஆட்டியது!

கலை வளர்த்த நாடல்லவா இது? மாதவி ஆடிய பதினோராடலில் 'பேடு' என்பதும் ஒன்றென்கிறது சிலம்பு. ஔவையாராக நடித்தே 'ஔவை' என்ற அடைமொழி பெற்றார் டி. கே. சண்முகம். இளமையில் பெண் வேடம் தாங்கித்தான் நடிப்பு பயின்றார் சிவாஜி கணேசன். வேடத்தை வணங்கினோம், விருதளித்தோம். அதையே வாழ்வாகக் கொண்டவரை மட்டும் பாலத்துச் சுவரில் உட்கார வைத்தோம்.

ஆகவே, தோழனே, என் தண்டனையை நானே எழுதிக்கொண்டேன். அந்த இடுப்பாட்டக் காட்சியை என் நாடகத்திலிருந்து கிழித்தெறிந்தேன். 'சேலை கட்டிக்கொள்' என்ற வசனம் இனி என் நாவில் வராது. வந்தால், கீழே இருக்கும் நீ எழுந்து நின்று தடு. உன் ஊர்க் கூட்டத்தில் வேறொருவர் பேசினாலும், துண்டுச்சீட்டு அனுப்பி நிறுத்தச் சொல். 24-சி என்ற எண்ணை மனப்பாடம் செய். கிளைக்கழகப் படிப்பகத்தின் சுவரில் எழுதி வை.

இன்னொன்று. இரவில் வண்டியில் வருகிறாய். சாலையோரம் ஒருவரைச் சுற்றிச் சிரிப்பு கேட்கிறது. உன் வேட்டியின் கரையைப் பார்த்து "நீங்க போங்கண்ணே" என்பார்கள். போகாதே. இறங்கு. சண்டை வேண்டா, சத்தமும் வேண்டா. "எந்தப் பிரிவில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் ஐயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். பதில் வரும்வரையில் அங்கேயே நில்.

நான் நிற்கவில்லை. நீ நில்.