வெள்ளரியின் வளைவு அரசுக்கு எதற்கு?

தேநீர் போடுவதற்கும் ஓர் உலகத் தரம் இருக்கிறது. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1980-ல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 3103 என்ற ஆவணம் அது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை. கொதிக்கும் நீரைப் பாத்திரத்தின் விளிம்புக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி ஊற்ற வேண்டும். மூடி வைத்து 6 நிமிடம் ஊறவிட வேண்டும். பாத்திரம் வெள்ளைப் பீங்கானாகவோ மெருகிட்ட மண்ணாலோ இருக்க வேண்டும். பால் சேர்ப்பதானால், சோதிக்கும் நிறுவனத்தின் வழக்கம் வேறாக இல்லாத பட்சத்தில், பாலைத்தான் முதலில் ஊற்ற வேண்டும். இந்த ஆவணத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் காட்டி மறுப்புச் சொன்ன ஒரே நாடு அயர்லாந்து. (தேநீர் விஷயத்தில் அயர்லாந்துக்காரர்கள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பார்களா என்ன!) இதே விஷயத்தை ஆறு பக்கத்தில் எழுதிய பிரிட்டன் தர அமைப்புக்கு 1999-ல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசைக் கொடுத்துக் கேலி செய்தார்கள். ‘அதிகாரிகளுக்கு வேறு வேலையே இல்லையா?’ என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. ஆனால், இந்தக் கேள்வியை எல்லாத் தரங்கள் மீதும் ஒரே வேகத்தில் வீசுவதால், உண்மையிலேயே கேள்வி கேட்க வேண்டியவை தப்பித்துவிடுகின்றன.

தேநீர்த் தரத்தையே எடுத்துக்கொள்வோம். சுவையான தேநீர் எப்படிப் போடுவது என்று அது யாருக்கும் பாடம் நடத்தவில்லை. தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்களுக்காக எழுதப்பட்டது அது. குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையை ஒருவரும், அதே தேயிலையை லண்டனில் வேறொருவரும் சுவைத்துப் பார்த்து விலை பேச வேண்டுமானால், இருவர் கோப்பையிலும் இருப்பது ஒரே மாதிரி தயாரித்த சாறாக இருக்க வேண்டும். ஒருவர் 3 நிமிடமும் மற்றவர் 10 நிமிடமும் ஊறவிட்டால், வேறுபாடு தேயிலையிலா, தயாரிப்பிலா என்று யார் சொல்வது? ஆகவே 6 நிமிடம் என்பது சுவைக்கான தீர்ப்பு அல்ல, ஒப்பிடுவதற்கான ஏற்பாடு. வீட்டிலோ டீக்கடையிலோ இதை மீறியதற்காக யாரும் தண்டிக்கப்படப் போவதில்லை. விரும்பியவர் பின்பற்றலாம் என்றிருக்கும் தரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அதனால் யாருக்கும் நட்டமில்லை. எவ்வளவுக்கு நுணுக்கமோ அவ்வளவுக்குப் பயன் என்றுகூடச் சொல்லலாம்.

வெள்ளரிக்காயின் கதை வேறு. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1988-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, முதல் தர வெள்ளரிக்காய் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. அதைவிட வளைந்தவை கீழ்த்தரத்துக்குப் போக வேண்டும். மிகக் கோணலானவற்றைத் தனியாகக் கட்டி விற்க வேண்டும். பத்திரிகைகள் எழுதியதுபோல வளைந்த வெள்ளரியை யாரும் தடை செய்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இது சட்டம். விளைவித்தவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கட்டுப்பட்டாக வேண்டும். வளைந்த வெள்ளரியைத் தின்றவருக்கு வயிற்றுவலி வந்ததில்லை. வளைவு பிடிக்காதவர் அதை எடுக்காமல் விட்டுவிடலாம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், இரண்டு கண்கள் போதும். நாம் முன்வைக்கும் அளவுகோல் இதுதான்: ஒரு பொருளின் குறையை வாங்குபவர் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும் என்றால், அரசு அதில் கட்டாயத்தைக் கொண்டுவரத் தேவையில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத குறை, அதனால் உடலுக்கோ பணப்பைக்கோ சேதம் என்றால், கட்டாயம் வேண்டும். அப்போது எத்தனை நுணுக்கமான அளவும் கேலிக்குரியதல்ல.

வெள்ளரி விதிக்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. நேரான காய் என்றால் ஒரு பெட்டியில் இத்தனை என்று கணக்கு வைக்கலாம், பார்க்காமலே தொலைபேசியில் வாங்கலாம், விலையில் தகராறு வராது. 2008-ல் இந்த விதியை நீக்க ஐரோப்பிய ஆணையம் முன்வந்தபோது, 27 உறுப்பு நாடுகளில் 16 நாடுகள் எதிர்த்ததற்கு இதுவே காரணம். ஆனால், அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2009 ஜூலை முதல் வெள்ளரி உட்பட 26 வகைக் காய்கனிகளுக்கான விதிகள் நீங்கின. சந்தை குலைந்துவிடவில்லை. பெரிய கடைகள் தங்களுக்கு வேண்டிய நேரான காய்களைத் தாங்களே நிபந்தனை போட்டு வாங்கிக்கொண்டிருக்கின்றன. வணிகர்களின் வசதிக்கான அளவை வணிகர்களே வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாழைப்பழத்துக்கு 14 சென்டிமீட்டர் குறைந்தபட்ச நீளம் என்று 1994-ல் வந்த விதி அந்தச் சுத்திகரிப்பில் தப்பிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் வேர்க்கடலை வெண்ணெயில் எவ்வளவு வேர்க்கடலை இருக்க வேண்டும் என்ற வழக்கு 1959-ல் தொடங்கி 1971-ல்தான் முடிந்தது. 90 சதவீதம் என்று தீர்மானிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள். வேடிக்கைதான். ஆனால், கடலையைக் குறைத்து மலிவு எண்ணெயைக் கூட்டினால் பாட்டிலைப் பார்த்து எந்தக் குடும்பத்தலைவி கண்டுபிடிப்பார்? அதே நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 100 கிராம் சாக்லேட்டில் சராசரியாக 60 பூச்சித் துணுக்குகள் வந்தால் நடவடிக்கை என்று எழுதி வைத்திருக்கிறது. ‘அப்படியானால் 59 வரை தின்னலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வயலில் விளைந்து கிடங்கில் கிடந்து வரும் கொக்கோவில் பூச்சியே இல்லை என்று சொல்வதுதான் பொய். எண்ணைச் சொல்லி, அதை எல்லோரும் பார்க்க வைப்பது நேர்மை. நம் ஊர்ச் சாலையோரத்தில் விற்கும் தலைக்கவசத்துக்கும் இதே நியாயம்தான். வெளியே பளபளக்கும் ஓட்டுக்குள் அதிர்ச்சியைத் தாங்கும் நுரை சரியாக இருக்கிறதா என்பது விழுந்த பிறகுதான் தெரியும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தை விற்கக் கூடாது என்று ஆனது மிகச் சரி. குக்கருக்கும் அப்படியே.

கட்டாயத்துக்கும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி தக்காளி கெட்சப்பை 20 டிகிரி செல்சியஸில் சோதனைக் கருவியில் ஓடவிட்டால் 30 விநாடியில் 14 சென்டிமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. ஓடினால்? விற்கலாம், கெட்டித்தன்மை குறைவு என்று பாட்டிலில் அச்சிட்டுவிட்டு விற்கலாம். தீங்கு இல்லாத, ஆனால் மூடி திறக்கும்வரை தெரியாத குறைக்கு இதுவே போதுமானது. தடை வேண்டாம், தகவல் போதும்.

கட்டாயத் தரம் சிறு உற்பத்தியாளரை நசுக்கும் என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. சோதனைக்கூடக் கட்டணம் பெரிய ஆலைக்குச் சில்லறை, குடிசைத் தொழிலுக்கு மூலதனம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குக் கட்டாயத் தரம் வந்தபோது, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு தரப்பட்டது; நம் தஞ்சாவூர்ப் பொம்மை போன்றவை அதனால் தப்பின. விலக்கு தேவைதான். ஆனால், பொம்மையில் பூசிய வண்ணத்தில் ஈயம் இருந்தால் அதைச் செய்தவர் கைவினைஞர் என்பதற்காகக் குழந்தையின் உடல் அதை மன்னிக்காது. விலக்கைவிட, சிறு தொழில்களின் சோதனைச் செலவை அரசே ஏற்பதுதான் முறை.

கட்டாயப்படுத்தும் அரசுக்கு ஒரு கடமையும் உண்டு. கட்டுப்படச் சொல்லும் விதியை எல்லோரும் காசு கொடுக்காமல் படிக்க முடிய வேண்டும். பொம்மைப் பாதுகாப்புத் தரங்களைப் பார்க்கக் கேட்ட இரண்டு தன்னார்வ அமைப்புகளுக்குச் சாதகமாக ஐரோப்பிய நீதிமன்றம் 2024 மார்ச் 5 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தரங்கள் சட்டத்தின் பகுதி, அவற்றைக் காண்பதில் பொதுநலன் மேலோங்கியது என்றது. இந்திய தர நிர்ணய அமைவனம் தான் உருவாக்கிய தரங்களை இணையத்தில் இலவசமாகத் தருவது பாராட்டத்தக்கது. வெளிநாட்டு அமைப்புகளின் ஆவணங்களை அப்படியே ஏற்றுக் கட்டாயமாக்கும்போதும் இதே வழியைக் கடைப்பிடிக்க வேண்டும். தலைக்கவசம், குக்கர், பொம்மை ஆகிய மூன்றுக்குமான விதிகளின் சாரத்தையாவது தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் வெளியிட்டு, விற்கும் கடைகளில் ஒட்டச் செய்ய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை முன்வர வேண்டும்.