பேரைச் சொன்னா சர்வருக்குத் தெரியலையாம்!

போன வாரம் ராத்திரி 2 மணிக்கு ஆணி, மக்களே. சர்வர் திணறுது. புதுசா போட்ட கோஸ்ட்டி டெர்மினல்ல இருந்து எஸ்எஸ்ஹெச்ல உள்ளே போய் 'டாப்' அடிச்சா, எக்ஸ்டெர்ம்-கோஸ்ட்டியா, அப்படி ஒரு டெர்மினலே தெரியாதுன்னு பதில். பேக்ஸ்பேஸ் அடிச்சா எழுத்து அழியாம இடைவெளி விழுது. கண்ணைக் கட்டிடுச்சு.

கோஸ்ட்டி தன் பேரை 'டெர்ம்' மாறியில் போட்டு அனுப்பும். அந்தப் பேருக்கான டெர்மின்ஃபோ பதிவு பழைய சர்வர்ல இருக்காது. அவ்ளோதான் மேட்டர்.

ஆபீஸ் அண்ணன் ஒருத்தர் சொன்ன வைத்தியம்: பாஷ்ஆர்சி ஃபைல்ல 'எக்ஸ்டெர்ம்-256கலர்'னு நிரந்தரமா எழுதிடு. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடில்லை. அவசரத்துக்கு அந்த ஒரு தடவை மாத்திக்கலாம், தப்பில்லை. நிரந்தரமா எழுதினா டிமக்ஸுக்குள்ளயும் பொய்ப் பேர்தான் ஓடும். நம்ம பொட்டியில 'இன்ஃபோகம்ப்' கொடுத்து, வர்றதை சர்வர்ல இருக்கிற 'டிக்' கட்டளைக்குத் தள்ளிவிட்டா ஒரே வரியில் முடிஞ்சது. ரூட் அனுமதிகூட வேணாம், பதிவு நம்ம ஹோம் டைரக்டரியிலேயே உட்கார்ந்துக்கும்.

2025-ல் வந்த 1.2 பதிப்புல இதைத் தானா செய்யற வசதியே இருக்கு. செட்டிங்ல நாமதான் கேட்டு வாங்கணும். நான் படிக்காம விட்டது என் சோம்பேறித்தனம்.

அண்ணன் இன்னும் ஒத்துக்கலை. டிமக்ஸ்ல திரை ஏன் குழம்புதுன்னு ரெண்டு நாளா தேடிட்டிருக்கார் :-)