விற்ற சரக்கு வாபஸ் இல்லையா?

"ஒரு முறை விற்ற சரக்கு வாபஸ் பெறப்படமாட்டாது, மாற்றியும் தரப்படமாட்டாது." ஜவுளிக் கடை ரசீதின் அடியில் பொடி எழுத்தில், பெரும்பாலும் இங்கிலீஷில், அச்சடித்திருக்கும் இந்த வாசகத்தைப் பார்க்காத தொழிலாளி ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் இருக்க முடியாது. போனஸ் பணத்தில் மனைவிக்குச் சேலையும் பிள்ளைக்குச் சட்டையும் எடுத்துப் போகிறார். முதல் தண்ணீரிலேயே சாயம் வாளி முழுக்க இறங்கிவிடுகிறது. அல்லது இரண்டாம் நாளே தோள் தையல் பிரிந்துவிடுகிறது. துணியைக் கடைக்குக் கொண்டுபோனால் முதலாளி ரசீதைப் புரட்டி அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுகிறார். எழுதித்தானே கொடுத்திருக்கிறார்கள், என்ன செய்வது என்று தொழிலாளியும் திரும்பிவிடுகிறார்.

அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடுமா? ஆகாது. நாட்டின் சட்டம் இதற்கு நேர் விரோதமாக இருக்கிறது. 1986ம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுள்ள சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதை "நியாயமற்ற வர்த்தக நடைமுறை" என்றே வகைப்படுத்துகிறது. ரசீதில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள்; கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற வேண்டும். ரசீதே கொடுக்காமல் துண்டுச் சீட்டில் கூட்டல் போட்டுத் தருகிறார்களே, அதையும் இதே பிரிவு குற்றம் சாட்டுகிறது. கேரளத்தில் இப்படிப்பட்ட வாசகத்தை ரசீதில் அச்சடிப்பதற்கு எதிராக மாநில சர்க்காரே 2007ல் உத்தரவு போட்டது. தமிழ்நாட்டுக் கடைகளில் இன்றும் அது தாராளமாக அச்சாகிறது.

கெடுவைக் கடைக்காரரே நிர்ணயிக்கலாம் என்பது சட்டத்தில் உள்ள ஓட்டைதான். மூன்று நாள் என்று அச்சடித்துவிட்டு அவர் தப்பப் பார்க்கலாம். ஆனால் பழுதுக்காகப் புகார் செய்யும் உரிமை அந்த மூன்று நாளோடு செத்துப்போவதில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் வரை புகார் கொடுக்கலாம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போனபின் நிறம் பிடிக்கவில்லை, மைத்துனி வேறு மாதிரி வாங்கியிருக்கிறாள் என்பதெல்லாம் பழுது ஆகாது. அதற்காக மாற்றித் தருவது கடைக்காரரின் தயவு. பழுதை முன்கூட்டியே காட்டி, அதற்காகவே விலையைக் குறைத்து விற்றிருந்தாலும் வேறு விஷயம். ஆனால் "தள்ளுபடிச் சரக்கு, அதனால் கேட்காதே" என்பது வெறும் மிரட்டல். தள்ளுபடி விலைக்கு விற்றால் கிழிசலையும் விற்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குட்டி சூரத் என்று பெயர் வாங்கிய பர்கூரில் கல்யாணத்துக்காகக் கட்டுக் கட்டாகத் துணி எடுக்கும் கிராமத்து ஜனங்கள் இதை மனதில் வைக்க வேண்டும். "நீ துவைத்த விதம் சரியில்லை" என்பது இன்னொரு பல்லவி. துவைக்காமல் சாயம் நிற்குமா நிற்காதா என்று எப்படித் தெரியும்?

இதே ஓசூர் ரோட்டின் மறு கோடியில், பெங்களூர் பொம்மனஹள்ளிப் பக்கத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் சட்டை தைக்கிறார்கள். தையல் ஒரு நூல் கோணினால் அந்தச் சட்டை கழிக்கப்படுகிறது. திட்டு தைத்தவளுக்கு விழுகிறது. சீமைக் கம்பெனிக்கு லாட்டையே தள்ளிவிடும் அதிகாரம் உண்டு. தைத்தவள் தன் பிள்ளைக்கு வாங்கிய ஒரே ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுக்க அதிகாரம் இல்லையாம்! 2016 ஏப்ரலில் பி.எப். பணத்தை எடுக்கத் தடை போட்ட மத்திய சர்க்காரின் உத்தரவை, ரோட்டில் இறங்கி வாபஸ் வாங்க வைத்தவர்கள் இந்தப் பெண்கள்தாம். சர்க்கார் உத்தரவே வாபஸ் ஆகும்போது சாயம் போன சேலை ஆகாதா?

ஒன்று சொல்ல வேண்டும். கடையில் நம் எதிரில் நிற்கும் பையனிடமோ பெண்ணிடமோ சத்தம் போட்டுப் பயன் இல்லை. காலையிலிருந்து இரவு வரை நிற்கும் அவர்களுக்கு உட்கார ஓர் ஆசனம் கொடு என்று சொல்லவே 2021ல் தமிழ்நாட்டில் தனியாகச் சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. திருப்பிய துணியின் விலையை அவர்கள் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு இடம் கொடுக்கக் கூடாது. பேச்சு முதலாளியோடு இருக்கட்டும். அதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

எல்லைப்புறத்து ஜனங்களுக்குப் புதுச் சட்டத்தில் உண்மையாகவே லாபம் ஒன்று இருக்கிறது. பழைய சட்டத்தில் பெங்களூரில் வாங்கிய துணிக்குக் கர்நாடகத்துக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. இப்போது புகார்தாரர் எங்கே குடியிருக்கிறாரோ, எங்கே வேலை செய்கிறாரோ, அங்குள்ள ஜில்லா ஆணையத்திலேயே மனுப் போடலாம். அத்திப்பள்ளியில் வாங்கி ஜூஜூவாடியில் குடியிருப்பவர் கிருஷ்ணகிரியில் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு மனுக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் கிருஷ்ணகிரி எங்கே இருக்கிறது? ஓசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். தளி, அஞ்செட்டி மலைக் கிராமத்தாருக்கு இன்னும் தூரம். ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நாள் வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு தனி. சோதனைச்சாலைக்குத் துணியை அனுப்ப வேண்டி வந்தால் அந்தக் கட்டணத்தையும் முதலில் புகார்தாரரே கட்ட வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று வாய்தாவிலேயே 600 ரூபாய்ச் சட்டையின் விலையைத் தாண்டிச் செலவாகிவிடும். கடை முதலாளி ரசீதில் அடித்த வரியை நம்பி இருக்கவில்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் தைரியமாக இருக்கிறார்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஜில்லா ஆணையம் தலைநகரில் மட்டுமல்ல, மாநில ஆணையத்தைக் கலந்து சர்க்கார் அறிவிக்கும் வேறு ஊரிலும் அமரலாம் என்று 34வது பிரிவு கூறுகிறது. ஆலைகளும் கடைகளும் நிறைந்த ஓசூரில் மாதந்தோறும் அமர்வு நடத்த தமிழக சர்க்கார் அறிவிக்கை வெளியிட வேண்டும். அது ஷிப்டுத் தொழிலாளி கூலி இழக்காமல் வரக்கூடிய விடுமுறை நாளாக இருக்க வேண்டும். துணிச் சோதனைக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்க வேண்டும். கேரளத்தைப் போல் "வாபஸ் இல்லை" என்ற வாசகத்துக்குத் தடை உத்தரவும் வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரே கடையில் ஒரே சரக்கில் ஏமாந்தவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியுடன் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். வாய்தாவுக்கு மாறி மாறி ஒருவர் போனால் போதும். 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து முதலில் புகாரைப் பதியலாம். கிழிந்த துணியைக் கரித்துணியாக்கிவிடாதீர்கள், ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொழிற்சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தர அங்கே ஆள் உண்டு.