ஆயிரம் சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் அப்டேட்: வசதியா, விபரீதமா?

(நமது நிருபர்)

பெங்களூர்: ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் இரவு ஷிப்ட் பார்க்கும் நம்மவர்களில் பலர், தாங்கள் பராமரிக்கும் சர்வர்களை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. யந்திரம் மும்பையில் இருக்கும்; அமெரிக்காவிலும் இருக்கும். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு மட்டும் இங்கே இருக்கிறது. அந்த வேலையையும் இப்போது பெரும்பாலும் "ஸ்கிரிப்ட்" எனப்படும் கட்டளைத் தொகுப்பே செய்துவிடுகிறது. இதை எதுவரை நம்பலாம் என்ற கேள்வியை அண்மை ஆண்டுகளில் நடந்த சில சம்பவங்கள் எழுப்பியுள்ளன.

ஸ்கிரிப்ட் செய்வது என்ன?

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சர்வரிலும் அது நுழைகிறது. புதிய திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. வந்திருந்தால் இறக்கி நிறுவுகிறது. தேவைப்பட்டால் யந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்குகிறது. பத்து சர்வர்கள் என்றால் ஓர் ஆள் ஓர் இரவில் கையாலேயே முடித்துவிடலாம். ஆயிரம் என்றால் நடவாத காரியம். "உபுண்டு" போன்ற லினக்ஸ் வகைகளில் பாதுகாப்புத் திருத்தங்களை யந்திரம் தானாகவே ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடும் கூடவே வருகிறது.

தாமதத்தின் விலை

வம்பே வேண்டாம், அப்டேட்டையே தள்ளிப் போடுவோம் என்று சிலர் நினைக்கலாம். அதுவும் ஆபத்துதான். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14-ல் வெளியிட்டது. மே 12-ல் அதே ஓட்டை வழியாக "வானாக்ரை" என்னும் நாசகார புரோகிராம் புகுந்து, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மருந்து கையில் இருந்தும் இரண்டு மாதமாகக் கொடுக்காமல் விட்டதன் பலன் இது.

அவசரத்தின் விலை

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிற நிறுவனங்களின் சர்வர்களைக் கண்காணித்துத் தரும் அமெரிக்க நிறுவனம் "டேட்டாடாக்". 2023 மார்ச் 8-ல், இந்திய நேரப்படி காலை 11.30 மணிக்குப் பின், அதன் சர்வர்களில் பாதிக்கு மேல் நெட்வொர்க் தொடர்பை இழந்தன. உபுண்டுவின் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று அவற்றில் தானாக ஏறியது. அப்போது நெட்வொர்க் பகுதி மீண்டும் இயங்கத் தொடங்கி, தகவல் செல்லும் வழிகளையே அழித்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த சர்வர்கள் ஒரே இடத்தில் இல்லை. மூன்று கிளவுட் நிறுவனங்களிடம், ஐந்து பிரிவுகளாக இருந்தன. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆனால், எல்லாவற்றிலும் தானியங்கி அப்டேட்டுக்கு ஒரே நேரம் வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே எல்லாம் சேர்ந்தே விழுந்தன. நஷ்டம் சுமார் 50 லட்சம் டாலர்.

அடுத்த ஆண்டு, 2024 ஜூலை 19-ல் நடந்ததை விமானப் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் அல்ல. "கிரவுட்ஸ்டிரைக்" என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு பைல். காலை 9.39-க்குக் கிளம்பிய அதனை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கெடுத்தது தொலைவிலிருந்து, ஒரு மணி நேரத்தில். சரி செய்யவோ, பெரும்பாலான கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருந்தது.

கைகாட்டி இறங்கட்டும்

இரு தரப்பு அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், தவறு தானியங்கி முறையில் இல்லை என்பது விளங்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வதுதான் தவறு. ரயில்வேயில் முன்னால் உள்ள ஸ்டேஷன் "லைன் கிளியர்" கொடுத்த பிறகே கைகாட்டி இறங்கும், வண்டி நகரும். அந்த ஒழுங்கு இங்கும் வேண்டும்.

முதலில் முக்கியமில்லாத ஓரிரு சர்வர்களில் ஏற்ற வேண்டும். யந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாராமல், அதன் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு பத்தில் ஒரு பங்கு, பிறகு பாதி என்று போகலாம். நடுவில் கோளாறு தென்பட்டால் ஸ்கிரிப்ட் தானே நின்றுவிட வேண்டும். "ஆன்சிபிள்" போன்ற சாதனங்களில் இப்படிப் பகுதி பகுதியாக ஏற்றவும், தவறினால் நிறுத்தவும் வசதி இருக்கிறது. நெட்வொர்க் அறுந்தாலும் சர்வரை எட்ட ஒரு மாற்று வழியும், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நகலும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அவசரமான பாதுகாப்புத் திருத்தம் என்றால் கட்டங்களுக்கிடையே காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம்; கட்டங்களையே ஒழித்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் சோதனை யந்திரங்களும் அவகாசமும் தேவை. அவற்றுக்குப் பணம் ஒதுக்குவது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாமல், விபத்து நடந்த பிறகு இரவு ஷிப்டில் இருந்த பையனிடம் விளக்கம் கேட்பதில் நியாயமில்லை. சிக்னலே வைக்காத பாதையில் டிரைவரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?