பெரிய பாத்திரம் வேண்டாம் மாப்பிள்ளை



போன வாரம் மகள் போட்ட படத்தில் நான் அடுப்படியில் ஒரு பெரிய பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று எழுதியிருந்தீர்கள். "டீச்சர், போர்ட்லாண்டிலும் பொங்கலா?" என்று ஒருத்தி. பெரியண்ணன் மட்டும் ஓரளவு கண்டுபிடித்துவிட்டார். "இந்த வயசில் அங்கே போய்ச் சாராயம் காய்ச்சுறியா?" என்று போனிலேயே கேட்டார். சாராயம் இல்லை அண்ணா, பீர். சாராயம் என்றால் ஆவியாக்கி வடிக்க வேண்டும். இது புளிக்கவைப்பதோடு சரி. காய்ச்சுபவர் மாப்பிள்ளை, கிண்டியது மட்டும் நான். ஒரு சொட்டுக் குடித்ததில்லை, இனியும் குடிக்கப் போவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே அதைத்தான் கேட்பீர்கள். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, 1979 முதல் வீட்டு உபயோகத்துக்கு வரி கட்டாமல் பீர் செய்துகொள்ளலாம். பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. மாநிலங்களும் அனுமதிக்க வேண்டும். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. நம் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். ஊரில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஒன்றரை வருடமாக எக்ஸ்ட்ராக்ட் வைத்துத்தான் பீர் காய்ச்சுகிறார். இனி தானியத்திலிருந்தே தொடங்கும் ஆல்-கிரெய்ன் முறைக்கு மாற ஆசைப்படுகிறார். அவருடைய நண்பர்கள் ஒரு பெரிய பட்டியலே கொடுத்திருக்கிறார்கள்: 40 லிட்டர் பாத்திரம், செம்புச் சுருள், தானியம் உடைக்கும் மில், பம்ப். வீட்டில் ஒரு மாதமாக இதுதான் பேச்சு. என் கருத்து இதுதான்: தாராளமாக மாறட்டும், ஆனால் சின்னப் பாத்திரத்தில் மாறட்டும். ஏன் என்று விளக்குகிறேன்.

எக்ஸ்ட்ராக்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பார்லியை முளைக்கட்டிக் காயவைத்தால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். கம்பெனியிலேயே அந்தச் சாற்றைச் சுண்டவைத்துப் பாகாகவோ பொடியாகவோ விற்பதுதான் எக்ஸ்ட்ராக்ட். டப்பாவைத் திறந்தால் ஹார்லிக்ஸ் வாடை. அதுவும் மால்ட் சமாச்சாரம்தானே! இதை நீரில் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் போட்டால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

அவருடைய நண்பர் ஒருவர் என் முன்னாலேயே, "எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் பாக்கெட் மாவு வாங்கித் தோசை சுடுற மாதிரி" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. பாக்கெட் மாவில் தோசை சுடப் பழகுவதில் என்ன குறை? கல் எவ்வளவு காய வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தானே கைவரும்.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று தலையில் தட்டாத குறையாகச் சொல்வேன். பீர் கெட்டுப்போக ஏகப்பட்ட காரணங்கள் உண்டு. பாத்திரம் சரியாகச் சுத்தமாகாமல் இருந்திருக்கலாம், ஈஸ்ட் பழையதாக இருந்திருக்கலாம், புளிக்கும்போது அறை சூடாக இருந்திருக்கலாம். புளித்து முடிவதற்குள் பாட்டிலில் அடைத்தால் பாட்டிலே வெடிக்கும். எக்ஸ்ட்ராக்டில் சர்க்கரை எடுக்கும் வேலையைக் கம்பெனி முடித்துக் கொடுத்துவிடுவதால், தப்பு நடந்தால் அது புளிக்கவைப்பதில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஐந்தாறு முறை ஒரே மாதிரி நல்லபடியாக வந்த பிறகு தானியத்தைத் தொடுவதுதான் முறை. மாப்பிள்ளைக்கு அது வந்துவிட்டது. அறையை 18, 19 டிகிரிக்குள் வைத்திருக்கப் பழகிவிட்டார். (என் இட்லி மாவுக்கு அந்த அறை லாயக்கில்லை. அதற்கு அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்திருக்கிறேன்.)

அப்படியானால் ஏன் மாற வேண்டும்? மலிவு என்று சிலர் சொல்கிறார்கள். ஒரே அளவு பீருக்கு எக்ஸ்ட்ராக்டைவிடத் தானியம் மலிவுதான். ஆனால் அந்தச் சாமான் பட்டியலை வாங்கினால் மிச்சப்படுத்தியதெல்லாம் போய்விடும். எனக்குப் படுகிற காரணம் வேறு. எக்ஸ்ட்ராக்டில் ஒரு முக்கியமான முடிவை வேறு யாரோ எடுத்துவிடுகிறார்கள். அது என்ன என்பதை நானே கண்ணால் பார்த்தேன்.

உடைத்த மால்ட்டைச் சுமார் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதற்கு மாஷ் என்று பெயர். முளைவிடும்போது பார்லியில் நொதிகள் உண்டாகியிருக்கும். அவை வெந்நீரில் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும், உமிழ்நீரில் அமைலேஸ் இருக்கிறது என்று படித்தீர்களே, அதே வகைதான். முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி வைத்தால் கட்டியாகாமல் இளக்கமாக இருப்பதும் இதனால்தான். குழந்தைக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியே மால்ட்டிலிருந்து வந்ததுதான். 1833-இல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்து டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு வருடம் நொதி என்று பாடம் நடத்திய எனக்கு, இந்தத் தகவல் 60 வயதுக்கு மேல் மாப்பிள்ளை வாயிலிருந்து வந்தது.

மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாகிவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாறு, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். நீலக்கறுப்பு ஆனால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, பழுப்பாகவே இருந்தால் முடிந்தது. ஆறாம் வகுப்பில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்து நாம் செய்த அதே சோதனை! மாப்பிள்ளை பாட்டிலை எடுத்ததும், "கொடுங்க, நான் விடுறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன். (சோதித்த சொட்டைக் கொட்டிவிட வேண்டும், திரும்பப் பாத்திரத்தில் விடக் கூடாது.)

மாஷில் முக்கியமான நொதிகள் இரண்டு. ஒன்றுக்கு 60 முதல் 65 டிகிரி வரை பிடிக்கும். அது ஈஸ்ட் முழுதாகத் தின்னக்கூடிய சர்க்கரையைத் தரும். மற்றது 70 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும். அது விட்டுவைப்பதில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அதனால் பீர் கொஞ்சம் கனமாக நிற்கும். மாஷின் வெப்பநிலையை யார் வைக்கிறாரோ, பீர் மெலிதா கனமா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். எக்ஸ்ட்ராக்ட் டப்பாவில் அது ஏற்கனவே முடிவாகிவிட்டது.

என் பேச்சைக் கேட்டு மாப்பிள்ளை இரண்டு சனிக்கிழமைகளில் சின்ன அளவில் செய்து பார்த்தார். தானியம், நீர், ஈஸ்ட் எல்லாம் ஒன்றே. முதல் வாரம் 64 டிகிரி, அடுத்த வாரம் 69. பால் சொசைட்டியில் பால்மானி போட்டுப் பார்ப்பார்களே, அதுபோல ஹைட்ரோமீட்டர் மிதக்கவிட்டுப் பார்த்தோம். தொடக்கத்தில் இரண்டும் 1.048. புளித்து முடிந்தபோது முதலாவது 1.009-இலும் இரண்டாவது 1.014-இலும் நின்றன. ஒன்றில் ஆல்கஹால் 5 சதவீதம், மற்றதில் நாலரை. ருசியும் வேறு என்று குடித்தவர்கள் சொன்னார்கள். 40 லிட்டர் பாத்திரம் வாங்கியிருந்தால் இதை இரண்டே வாரத்தில் செய்து பார்த்திருக்க முடியுமா? முதல் பீரைக் குடித்துத் தீர்க்கவே மாதங்கள் ஆகியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். இங்கே வழக்கமான அளவு 5 காலன், அதாவது 19 லிட்டர். அதற்கு நாலரை கிலோ தானியம் வேண்டும், பாட்டிலில் அடைத்தால் 50 பாட்டில். 8 லிட்டருக்கு 2 கிலோ தானியம் போதும், 20 சொச்சம் பாட்டில் வரும். வீட்டிலிருந்த 16 லிட்டர் பாத்திரத்திலேயே பன்னிரண்டரை லிட்டர் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, உடைத்த தானியத்தை மெல்லிய துணிப்பைக்குள் கொட்டிக் கிண்டினால் 67-க்கு இறங்கும். மூடிக் கம்பளியால் சுற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கிச் சாறு வடியவிட்டால் மாஷ் முடிந்தது. பையில் ஊறவைக்கும் இந்த முறையை ஆஸ்திரேலிய வீட்டுக்காரர்கள்தான் பரப்பினார்களாம். தானியத்தைக் கடையிலேயே உடைத்துக் கொடுக்கிறார்கள், மில் வேண்டாம். குளிரவைக்கச் செம்புச் சுருளும் வேண்டாம், தொட்டியில் ஐஸ் தண்ணீர் போதும். மொத்தம் நாலு மணி நேரம் ஆகும். எக்ஸ்ட்ராக்டுக்கு இரண்டரை மணி நேரம். பெரிய அளவில் தானியம் என்றால் கழுவித் துடைக்கும் நேரத்தையும் சேர்த்து ஆறு.

அந்த ஆறு மணி நேரம் யாருடையது? ஏழு மாதக் குழந்தை இருக்கிற வீடு. சனிக்கிழமை காலை முழுக்க ஒருவர் பாத்திரத்தோடு நின்றால் குழந்தையோடு நிற்பது என் மகள். இப்போது நான் இருக்கிறேன், சமாளிக்கிறோம். விசா முடிந்து நான் ஊருக்கு வந்த பிறகு? இதை மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "மாஷ் ஊறும் ஒரு மணி நேரத்தைப் பாப்பா தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்கிறேன் அத்தை" என்றார். அப்படியே செய்கிறார்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். சனிக்கிழமை அப்பாவுக்குக் கூலி வந்தால் திங்கட்கிழமை பிள்ளை எந்த முகத்தோடு வரும் என்று எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் மாப்பிள்ளை அந்த ரகம் இல்லை, வாரத்துக்கு இரண்டு பாட்டில் போதும் என்பவர். ஆனாலும் வீட்டில் 50 பாட்டில் நின்றால், அதுவும் தன் கையால் செய்தது நின்றால், வருகிறவருக்கெல்லாம் ஊற்றத் தோன்றும், கூட உட்காரத் தோன்றும். 8 லிட்டரில் அந்தப் பேச்சே இல்லை. காய்ச்சுவதில்தான் அவருக்கு ருசி. அடிக்கடி காய்ச்ச வேண்டுமானால் அளவு சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

லிட்டர் கணக்கில் பார்த்தால் சின்ன அளவுக்குத்தான் உழைப்பு அதிகம் என்று அவருடைய நண்பர்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. பத்துப் பேர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் பெரிய பாத்திரமே நல்லது. இரண்டு பேர், அதில் ஒருத்தி பால் கொடுக்கும் தாய் என்றிருக்கிற வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

மிஞ்சிய சக்கையைப் பார்த்ததும் என் கை பரபரத்தது, நம் மாட்டுக்கு எப்பேர்ப்பட்ட தீவனம்! இங்கே பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போகிறது. நாய் வளர்ப்பவர்கள் மட்டும் கவனம், கொதித்த ஹாப்ஸ் நாய்க்கு விஷம். குப்பையில் கட்டிப் போடுங்கள்.

அடுத்த முறை பாதிக்குப் பாதி கோதுமை மால்ட் போடப் போகிறாராம். கோதுமைக்கு உமி இல்லாததால் சாறு வடியாமல் களியாகிவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். துணிப்பையைப் பிழிந்துவிடலாம் என்பது என் கட்சி. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் பிள்ளைகளில் யாராவது செய்து பார்த்திருந்தால் எத்தனை டிகிரி வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், மாப்பிள்ளையிடம் காட்டுகிறேன்.

– உங்கள் பழைய அறிவியல் டீச்சர்