கம்பிச் சுருளும் காந்தமும்

1831-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் மைக்கேல் பாரடே என்பார் கம்பிச் சுருளினுள் காந்தத்தைச் செலுத்தி மின்சாரம் பிறப்பித்தார். அவர் வழிநின்று வீட்டிலேயே மின்னாக்கி இயற்றிப் பார்ப்போர் இன்றும் பலர். சுருள்களைத் தொடராய்ப் பிணைத்தால் வோல்ட் மிகும். பக்கம் பக்கமாய்ப் பிணைத்தால் ஆம்பியர் மிகும். ஒன்றைத் தலைமாற்றிப் பிணைத்தால் ஒன்றின் பயனை மற்றொன்று அழிக்கும். இவற்றைக் கைப்பழக்கத்தால் கற்பது நன்றே.

ஆயினும், பிணைப்பை மாற்றிக்கொண்டே போனால் இட்டதினும் மிகுந்த சக்தி கிட்டுமெனச் சிலர் நம்பிப் பொருளையும் காலத்தையும் இழப்பது வருந்தத்தக்கது. லென்ஸ் என்பார் 1834-இல் வெளியிட்ட விதிப்படி, விளக்கை இணைத்தவுடனே சுருளில் ஓடும் மின்சாரம் காந்தத்தின் சுழற்சியைத் தடுக்கும். அத்தடையை வென்று சுழற்றும் கையின் உழைப்பே ஒளியும் வெப்பமும் ஆகின்றது.

ஆகவே, மாணவ நண்பர்களே! அடுத்த சுருளைச் சுற்றுமுன், கொடுத்ததையும் பெற்றதையும் அளந்து எழுதுங்கள். அக்கணக்கே மெய்யான ஆசான்.